மூன்றாவது நாள் என்றால் செவ்வாய்

துறைமுகச் சொற்கள்: வாசகர் கேள்விகள்

போர்த்துகீசிய மொழியில் திங்கட்கிழமைக்கு 'இரண்டாவது' என்று பெயர் என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களில் பாதிகூட மற்ற பக்கங்களுக்கு வரவில்லை. ஆகவே இந்த முறை முழுக்கக் கிழமைகள்தாம். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு சொல்: நான் சரக்குக் கப்பலில் என்ஜினியராக இருந்தவன், மொழியியல் படித்தவன் அல்லன். துறைமுகங்களில் காதில் விழுந்தவையும், ஓய்வு பெற்றபின் நூலகத்தில் கண்ணில் பட்டவையும்தான் என் கைமுதல்.

கேள்வி: ஸ்பானிஷ் கற்றுக்கொண்டிருக்கிறேன். லூனெஸ் என்றால் நிலா நாள், மார்தெஸ் செவ்வாய்க் கோளின் நாள், மியெர்கொலெஸ் புதனின் நாள், ஹுவேவெஸ் வியாழனின் நாள், பியெர்னெஸ் வெள்ளியின் நாள். ஏழு கிழமையும் தமிழோடு அப்படியே பொருந்துகின்றன. இது தற்செயலா? (கல்லூரி மாணவி)

பதில்: தற்செயல் அல்ல. ஆனால் ஏழு என்று சொல்லிவிட்டீர்களே, ஐந்தோடு நிறுத்துங்கள். ஸ்பானிஷில் சனிக்கிழமை சாபதோ, ஞாயிற்றுக்கிழமை தொமிங்கோ. இவ்விரண்டிலும் கோள் கிடையாது. சாபதோ, யூதர்களின் ஓய்வு நாளான 'ஷபாத்' லத்தீன் வழியாக வந்தது. எபிரேயத்தில் அதன் வேர்ச்சொல்லுக்கு வேலையை நிறுத்துதல் என்று பொருள். தொமிங்கோ, 'ஆண்டவருக்குரிய நாள்' என்னும் பொருளுடைய லத்தீன் தொடரின் மிச்சம். திருச்சபை சூரியனையும் சனியையும் வெளியே அனுப்பிவிட்டு அந்த இரண்டு நாற்காலிகளையும் எடுத்துக்கொண்டது. நடுவில் இருந்த ஐவரை அசைக்க முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதுதான் இந்த இதழின் பெரிய கேள்வி, அதற்குப் பிறகு வருகிறேன்.

பொருந்தும் ஐந்துக்குக் காரணம் ஒரே ஊற்று. கிரேக்க, ரோமானிய உலகின் சோதிடத்தில் கோள்களைத் தொலைவிலிருந்து அருகே வரும் வரிசையில் அடுக்கினார்கள்: சனி, வியாழன், செவ்வாய், சூரியன், வெள்ளி, புதன், நிலா. ஒரு நாளின் 24 மணிகளையும் இந்த வரிசைப்படி ஒவ்வொரு கோளுக்காகக் கொடுத்துக்கொண்டே போவார்கள். முதல் மணிக்கு உரிய கோள்தான் அந்த நாளுக்கே எசமானர். சனியில் தொடங்குங்கள். 21 மணி நேரத்தில் வரிசை மூன்று முறை சுற்றி முடியும். 22 மறுபடி சனி, 23 வியாழன், 24 செவ்வாய். மறுநாள் முதல் மணி சூரியனுக்கு, ஆகவே சனிக்கு அடுத்து ஞாயிறு. அங்கிருந்து எண்ணினால் அடுத்த நாள் நிலாவுக்கு வரும். காகிதத்தில் போட்டுப் பாருங்கள், ஏழும் பிசகாமல் வரும். ரோமானிய வரலாற்றாசிரியர் காஸியுஸ் தியோ இந்தக் கணக்கை எழுதி வைத்திருக்கிறார்.

நம் பஞ்சாங்கத்தில் ஓரை பார்க்கிறோமே, அதே கணக்குதான். ஓரை என்ற சொல்லே கிரேக்க 'ஹோரா' வடமொழி வழியாக வந்தது. ஸ்பானிஷில் ஒரு மணி நேரத்துக்கு என்ன சொல்? 'ஓரா'. எழுத்தில் முன்னால் ஓர் எச் நிற்கும், வாயில் வராது. அடுத்த முறை ஆசிரியர் 'கே ஓரா எஸ்', மணி என்ன என்று கேட்டால் ஓரை என்று காதில் வாங்கிக்கொள்ளுங்கள், மறக்காது.

லத்தீனில் இந்த நாள்களின் பெயர்கள் 'மார்திஸ்', 'யோவிஸ்', 'வெனெரிஸ்' என்று ஸகர ஒற்றில் முடிந்தன. மார்ஸின் (செவ்வாய்) நாள், யூபிதரின் (வியாழன்) நாள், வீனஸின் (வெள்ளி) நாள் என்று ஆறாம் வேற்றுமை. நிலாவுக்கு மட்டும் 'லூனே', மெர்குரிக்கு (புதன்) 'மெர்குரீ', ஒற்று இல்லை. முறையாக வந்திருந்தால் ஸ்பானிஷில் திங்கள் வெறும் 'லூனே' என்றுதான் நின்றிருக்கும். பந்தியில் மூன்று பேருக்கு இலை போட்டுவிட்டு இரண்டு பேரை விட்டால் நன்றாகவா இருக்கும்? மக்கள் வாய் அந்த இரண்டுக்கும் ஒரு ஸ் போட்டுவிட்டது. பியெர்னெஸிலும் ஒரு வேடிக்கை உண்டு. வெனெரிஸ் சுருங்கி 'வென்ரெஸ்' ஆகி, பிறகு 'ன்ர்' என்பது 'ர்ன்' என்று முன்பின்னாகப் புரண்டது. நம் தசை சதையானது போல. ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் பேசப்படும் கலீசிய மொழி புரளாமல் இன்றும் 'வென்ரெஸ்' என்றே சொல்கிறது.

மியெர்கொலெஸைப் பற்றி வகுப்பில் சொல்லித்தரமாட்டார்கள், நான் சொல்கிறேன். கோபத்தில் வாயில் வரும் ஓர் அசிங்கமான ஸ்பானிஷ் சொல்லும் 'மியெர்' என்றே தொடங்கும். பக்கத்தில் பெரியவர்கள் இருந்தால் பாதியில் சுதாரித்து 'மியெர்கொலெஸ்!' என்று முடித்துவிடுவார்கள். ஸ்பெயினின் வீகோ துறைமுகத்தில் காலில் இரும்புச் சங்கிலி விழுந்த ஒருவர் "புதன்கிழமை!" என்று அலறியபோது, அவருக்குத் தேதி குழம்பிவிட்டது என்று நினைத்தேன்.

கேள்வி: போர்த்துகீசியர்கள் மட்டும் ஏன் கிழமைகளை எண்ணுகிறார்கள்? அதுவும் திங்களை ஏன் இரண்டு என்கிறார்கள்? (ஒன்பது வாசகர்கள், ஏறத்தாழ ஒரே சொற்களில்)

பதில்: இந்தக் கேள்விக்கு நான் ஒருமுறை அபராதம் கட்டியிருக்கிறேன். போர்த்தோ நகரை ஒட்டிய லெய்ஷோய்ஷ் துறைமுகத்தில் கப்பல் நின்றது. ஜெனரேட்டருக்கு ஓர் இன்ஜெக்டர் வர வேண்டும். கப்பல் ஏஜென்ட் ஒரு துண்டுச் சீட்டில் 3 என்று எழுதி, அதன் தலைமாட்டில் சின்னதாக ஓர் எழுத்தும் போட்டு, 'தெர்சா' என்று வாயாலும் சொன்னார். மூன்றாவது. வீகோவில் கற்ற அரைகுறை ஸ்பானிஷ் என் தலைக்கு ஏறியிருந்த காலம், எனவே திருப்பிக் கேட்கவில்லை. திங்கள் ஒன்று, செவ்வாய் இரண்டு, புதன் மூன்று என்று விரல் மடக்கினேன். செவ்வாய்க்கிழமை இன்ஜெக்டர் துறைமுக வாயிலுக்கு வந்து, கையெழுத்துப் போட ஆள் இல்லாமல், வந்த வழியே திரும்பிப் போயிற்று. புதன்கிழமை காலை நான் வாயிலில் போய்க் காவல் நின்றேன். தலைமை என்ஜினியர் அன்று எனக்குச் சொன்னவற்றை எந்தக் கிழமையிலும் அச்சிட முடியாது.

அங்கே எண்ணிக்கை ஞாயிற்றில் தொடங்குகிறது. ஞாயிறு ஒன்று, ஆனால் அதை ஒன்று என்று சொல்வதில்லை, 'தொமிங்கோ'. திங்கள் 'செகுந்தா-ஃபெய்ரா', இரண்டாம் ஃபெய்ரா. செவ்வாய் 'தெர்சா-ஃபெய்ரா'. புதன் 'குவார்தா', வியாழன் 'கிந்தா', வெள்ளி 'செஷ்தா', ஒவ்வொன்றின் வாலிலும் ஃபெய்ரா. சனி ஏழாவது ஆகியிருக்க வேண்டும், அது 'சாபதோ'. பேச்சில் வாலை நறுக்கிவிட்டு செகுந்தா, தெர்சா என்று மட்டுமே சொல்வார்கள். இன்னொரு குறும்பு: இன்றைய போர்த்துகீசியத்தில் மூன்றாவது என்பதற்குச் சொல் 'தெர்செய்ரா'. 'தெர்சா' பழைய லத்தீன் 'தெர்சியா'வின் நேர் வாரிசு. எண் வரிசையில் இருந்து ஓய்வு பெற்றுக் கிழமையில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

இந்த எண் பெயர்கள் திருச்சபை லத்தீனில் பிறந்தவை. 'ஃபேரியா' என்றால் அங்கே விழா நாள், வேலை செய்யாத நாள். உயிர்ப்பு ஞாயிறை (ஈஸ்டர்) அடுத்த வாரம் முழுதும் திருநாளாகக் கருதப்பட்டதால், இரண்டாம் ஃபேரியா, மூன்றாம் ஃபேரியா என்று அந்த வாரத்து நாள்களை எண்ணினார்கள் என்றும், பிறகு எல்லா வாரத்துக்கும் அதுவே படிந்துவிட்டது என்றும் வழக்கமாக விளக்கம் தரப்படுகிறது. ஓய்வு நாள் என்னும் சொல் ஐந்து வேலை நாள்களின் தலையில் வந்து விடிந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு அந்தச் சொல் கிடையாது. இதைவிடப் பெரிய கிண்டலை எந்த அகராதியிலும் நான் பார்க்கவில்லை.

கேள்வி: போர்த்துகலின் பிராகா நகரத்து ஆயர் மார்ட்டின் என்பவர்தான் கோள்களின் பெயர்களை ஒழித்தார் என்று எங்கோ படித்தேன். ஒரு பாதிரியார் சொன்னதும் ஒரு நாடே நாவை மாற்றிக்கொண்டதா? நம்பும்படி இல்லையே. (ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர்)

பதில்: ஐயா, நீங்கள் நம்பாதது சரி. ஆனால் மார்ட்டினை அப்படியே தள்ளிவிடவும் மனம் வரவில்லை, அவ்வளவு சுவையான மனிதர். இன்றைய ஹங்கேரிப் பக்கமான பன்னோனியாவில் பிறந்தவர். ஏறத்தாழ 550-இல் ஐபீரியத் தீபகற்பத்தின் வடமேற்கே, ஸுவேபியர்கள் என்ற ஜெர்மானியக் குடியினர் ஆண்ட நாட்டுக்கு வந்து சேர்ந்தார். பிராகாவை ஒட்டிய தூமே என்ற இடத்தில் மடம் கட்டினார், பின்பு பிராகாவின் ஆயரானார், 572-இல் அங்கே கூடிய ஆயர்கள் சங்கத்துக்குத் தலைமை தாங்கினார். அஸ்தோர்கா நகரத்து ஆயர் பொலேமியுஸ், நாட்டுப்புற மக்களைத் திருத்துவது எப்படி என்று கேட்டதற்கு ஒரு மடல் எழுதினார். அந்த மடல் இன்றும் இருக்கிறது.

அதில் அவர் திட்டாத பழக்கம் இல்லை. அடுப்பில் தானியமும் மதுவும் ஊற்றுவது, நீர்ச்சுனையில் ரொட்டியைப் போடுவது, பெண்கள் தறியில் உட்காரும்போது மினர்வா தேவியின் பெயரைச் சொல்வது, வீனஸின் நாள் பார்த்துத் திருமணம் வைப்பது எல்லாம் பேய் வழிபாடு. அந்துப்பூச்சிக்கும் எலிக்கும் நாள் குறித்து மரியாதை செய்தவர்களைப் பார்த்து அவர் கேட்கும் கேள்வியின் சாரம் இது: பெட்டியில் பூட்டி வைக்காவிட்டால், மரியாதை செய்தீர்கள் என்பதற்காக எலி உங்கள் ரொட்டியை விட்டுவிடுமா? கிழமைகளைப் பற்றியும் அதே கோபம். ஞானஸ்நானம் பெற்றவன் ஆண்டவருடைய நாளை விட்டுவிட்டு யூபிதர், மெர்குரி, வீனஸ், சனி ஆகியோரின் நாள்களைக் கொண்டாடுகிறானே, அவர்களுக்கு ஏது நாள், அவர்கள் ஒழுக்கங்கெட்ட மனிதர்களும் மந்திரவாதிகளும் அல்லவா என்கிறார்.

ஆனால் எண் பெயர்கள் அவர் கண்டுபிடிப்பு அல்ல. அவருக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரில் ஆயர் அகஸ்தீன் இதே ஒப்பாரியை வைத்துவிட்டார். நான்காம் ஃபேரியாவை மெர்குரியின் நாள் என்று வேற்றுச் சமயத்தார் சொல்கிறார்கள், கிறிஸ்தவர்களிலும் பலர் சொல்கிறார்கள், அவர்கள் திருத்திக்கொண்டால் நன்றாக இருக்கும் என்று விவிலியத்தின் சங்கீதப் பாடல் ஒன்றுக்குத் தந்த விளக்கத்தில் பேசியிருக்கிறார். தெற்குப் பிரான்சில் ஆர்ல் நகரத்து ஆயர் சேஸாரியுஸும் அதையே கேட்டார். 542-இல் அவர் இறக்கும்வரை அங்கே யாரும் செவி சாய்த்ததாகத் தெரியவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் மார்தி, மெர்க்ரெதி என்று மார்ஸையும் மெர்குரியையும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

எனவே கேள்வியையே திருப்பிப் போட வேண்டும் என்பது என் எண்ணம். போர்த்துகீசியர்கள் ஏன் மாறினார்கள் என்பதைவிட, மற்றவர்கள் ஏன் மாறவில்லை என்று கேட்க வேண்டும். திருச்சபையின் எண் பெயர்கள் மேற்கு ஐரோப்பா முழுவதும் மடங்களிலும் வழிபாட்டு நூல்களிலும் இருந்தன. லத்தீன் வழிபாட்டு நூல்களில் இன்றும் இரண்டாம் ஃபேரியா, மூன்றாம் ஃபேரியா என்றே அச்சாகிறது. ஆனால் பூசை முடிந்து வெளியே வந்ததும் எல்லா நாட்டவரும் மார்ஸின் நாளில் விதைத்தார்கள், யூபிதரின் நாளில் சந்தைக்குப் போனார்கள். இந்த ஒரு மூலையில் மட்டும் பூசை மொழி வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டது. மார்ட்டின் அதற்கு ஒரு தள்ளு கொடுத்திருக்கலாம், நான் அவருக்குக் கொடுக்கும் மதிப்பெண் அவ்வளவுதான். முழு மதிப்பெண் கொடுத்தால் கலீசியாவை விளக்க முடியாது. அதுவும் அவர் நடமாடிய ஸுவேபியர் நாடுதான். அங்கே 'செகுந்தா ஃபெய்ரா', 'தெர்சா ஃபெய்ரா', 'கோர்தா ஃபெய்ரா' என்ற எண் பெயர்களும் உண்டு, 'லுன்ஸ்', 'மார்தெஸ்', 'மேர்கொரெஸ்' என்ற கோள் பெயர்களும் உண்டு. பள்ளிக்கூடமும் பத்திரிகையும் பிந்தியவற்றையே எடுத்துக்கொண்டன. போர்த்துகலின் பழைய எழுத்துகளிலும் கோள் பெயர்கள் அங்கங்கே தலைகாட்டுகின்றன. ஒரே இரவில் நடந்த மாற்றம் அல்ல, இரண்டும் பல காலம் ஒரே வீட்டில் குடியிருந்திருக்கின்றன.

வாய்ப்புக் கிடைத்தால் மின்யோ ஆற்றின் கரைக்குப் போய்ப் பாருங்கள். இந்தப் பக்கம் போர்த்துகலின் வலென்சா, அந்தப் பக்கம் கலீசியாவின் துய். நடுவில் 1886-இல் திறந்த இரும்புப் பாலம், மேலே ரயில், கீழே சாலை. நடந்தே கடந்தேன். அக்கரையில் கைக்கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ள வேண்டும், செகுந்தாவில் கிளம்பியவன் லுன்ஸில் போய்ச் சேர வேண்டும். ஆறு என்னவோ அகலமில்லை.

கேள்வி: அரபியிலும் திங்கள் 'இரண்டு', செவ்வாய் 'மூன்று' என்றே வருகிறது. அரேபியர்கள் அங்கே பல நூற்றாண்டு ஆண்டார்களே. போர்த்துகீசியர்கள் அவர்களிடம் கற்றிருக்கலாம் அல்லவா? (வளைகுடாவில் பணிபுரிந்த வாசகர்)

பதில்: நல்ல ஊகம், நானும் ஒரு காலத்தில் இதையே நம்பி மேசையைத் தட்டிப் பேசியிருக்கிறேன். ஒரு கல் என் வாயை அடைத்தது. பிராகாவில் புனித விசென்தே தேவாலயத்தில் ஒரு கல்லறைக் கல்வெட்டு இருக்கிறது. இறந்தவர் 'செகுந்தா ஃபேரியா' அன்று ஓய்ந்தார் என்று அதில் வெட்டியிருக்கிறது. ஆண்டு 656 என்று பார்த்ததும் தடுமாறாதீர்கள். ஐபீரியாவில் அப்போது புழங்கிய ஆண்டுக் கணக்கு நம் கணக்கைவிட 38 கூடுதல், கழித்தால் 618. அரேபியர் படை தீபகற்பத்தில் கால் வைத்தது 711-இல்.

இரண்டுக்கும் பொதுவான மூதாதை யூதர்களின் எண்ணிக்கை. எபிரேயத்தில் ஞாயிறு முதல் நாள், திங்கள் இரண்டாம் நாள், எண்ணி எண்ணிப் போய் ஓய்வு நாளில் முடியும். கிரேக்கத்திலும் திங்கள் 'தெஃப்தேரா', இரண்டாவது, செவ்வாய் 'த்ரீதி', மூன்றாவது. கிரேக்கக் கப்பல்காரர்கள் லெய்ஷோய்ஷில் என்னைப் போல் ஏமாந்திருக்கமாட்டார்கள். ரஷ்யர்கள் ஏமாறுவார்கள். ஸ்லாவிய மொழிகள் திங்களில் இருந்து எண்ணுபவை, ரஷ்யனில் செவ்வாய்தான் இரண்டாவது. பாரசீகம் இன்னும் வேறு: சனியை நட்டு வைத்துக்கொண்டு, சனிக்குப் பின் ஒன்று, சனிக்குப் பின் இரண்டு என்று எண்ணும்.

அகஸ்தீனின் ஹிப்போ இன்று அல்ஜீரியாவின் அன்னாபா. எங்கள் கப்பல் அங்கே போயிருக்கிறது. அந்த ஊரில் இப்போது அரபியில் கிழமைகளை எண்ணித்தான் சொல்கிறார்கள். அந்தப் பெயர்களில் மெர்குரி இல்லை. பெரியவர் ஆசைப்பட்டது நிறைவேறியிருக்கிறது, அவர் நினைத்த வழியில் அல்ல.

கேள்வி: லிஸ்பனில் எங்கள் சுற்றுலா வழிகாட்டி, ஃபெய்ரா என்றால் சந்தை என்றும், ஒவ்வொரு நாளும் ஒவ்வோர் இடத்தில் சந்தை கூடியதால் இரண்டாம் சந்தை, மூன்றாம் சந்தை என்று பெயர் வந்தது என்றும் சொன்னார். (ஒரு வாசகி)

பதில்: ஃபெய்ரா என்றால் இன்று சந்தை என்பது உண்மை. லிஸ்பனில் 'ஃபெய்ரா த லாத்ரா' என்ற பழம்பொருள் சந்தை செவ்வாயும் சனியும் கூடுகிறது. அங்கே வாங்கிய பித்தளைத் திசைகாட்டி ஒன்று இப்போதும் என் மேசையில் வடக்கைத் தவிர மற்ற எல்லாத் திசையும் காட்டுகிறது. ஆனால் வழிகாட்டி குதிரைக்கு முன்னால் வண்டியைப் பூட்டிவிட்டார். திருநாளன்று கூட்டம் கூடும், கூட்டம் கூடினால் கடை விரியும். ஆகவே திருநாள் என்ற சொல்லுக்குப் பின்னால் சந்தை என்ற பொருள் ஒட்டிக்கொண்டது. கிழமைப் பெயரில் இருப்பது பழைய பொருள். அதே லத்தீன் சொல்லின் இன்னொரு பிள்ளை 'ஃபேரியஷ்', அதற்குப் போர்த்துகீசியத்தில் விடுமுறை என்று அர்த்தம். அண்ணன் சந்தையில் கத்திக்கொண்டிருக்கிறான், தம்பி விடுமுறையில் போய்விட்டான்.

கேள்வி: பிரெஞ்சில் லன்தி, மார்தி. கத்தலானில் தில்லூன்ஸ், திமார்ஸ். இந்த 'தி' ஏன் ஒன்றில் வாலாகவும் ஒன்றில் தலையாகவும் இருக்கிறது? (மொழிபெயர்ப்பாளர்)

பதில்: 'தி' என்பது நாள். லத்தீனில் 'நிலாவின் நாள்' என்றும் சொல்லலாம், 'நாள் நிலாவின்' என்றும் சொல்லலாம், இரண்டும் சரி. பிரெஞ்சும் இத்தாலியனும் நாளைப் பின்னால் வைத்தன. கத்தலானும் தெற்குப் பிரான்சின் ஆக்ஸிதானும் முன்னால் வைத்தன. பார்சலோனாவில் தில்லூன்ஸ் அன்று சரக்கு ஏற்றி, ஜெனோவாவில் மெர்கொலெதி அன்று இறக்கினால் நடுக்கடலில் எங்கோ தலை வாலாகிவிட்டது என்று பொருள். ஸ்பானிஷும் ருமேனியனும் நாளையே விட்டுவிட்டன. ருமேனியத் துறைமுகமான கான்ஸ்தான்ஸாவில் வியாழக்கிழமை வெறும் 'ஜோய்', யூபிதர் அங்கே அவ்வளவு சுருங்கிவிட்டார்.

இந்தக் கூட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது சார்டீனியத் தீவின் வெள்ளிக்கிழமை. மற்ற கிழமைகளுக்கு லூனிஸ், மார்திஸ் என்று லத்தீனை ஏறக்குறைய உடையாமல் வைத்திருக்கும் அந்தத் தீவு, வெள்ளியன்று மட்டும் வீனஸை விரட்டிவிட்டது. காலியாரி துறைமுகத்தில் 'செனாபரா' என்பார்கள், தீவின் உள்ளே போனால் 'கெனாபுரா'. லத்தீனில் 'கேனா பூரா', தூய இராச் சாப்பாடு. ஓய்வு நாளுக்கு முந்திய மாலையை யூதர்கள் லத்தீனில் அப்படித்தான் அழைக்கிறார்கள் என்று அகஸ்தீன் குறித்திருக்கிறார். அவர் சொன்ன வட ஆப்பிரிக்காவில் அந்தச் சொல் போய்விட்டது. கடலுக்கு இக்கரையில், மீன் விற்கும் அம்மாள் அதைச் சொல்லித்தான் நாளை வா என்கிறார்.

கேள்வி: ஸ்பானியர்களுக்கும் நம்மைப் போல் செவ்வாய் ஆகாது என்கிறார்களே? (ஒரு வாசகி)

பதில்: ஆகாதுதான். செவ்வாயன்று கல்யாணமும் வேண்டாம், கப்பல் ஏறவும் வேண்டாம் என்று ஸ்பானிஷில் பழமொழி. நம் 'செவ்வாயோ வெறுவாயோ' அவர்களுக்கும் புரியும். 13-ஆம் தேதி செவ்வாயில் விழுந்தால் போதும், தீர்ந்தது. போர்த்துகீசியர்களுக்கோ பயம் வெள்ளியும் 13-உம் சேர்ந்தால்தான். பெயரில் மார்ஸ் இல்லாததால் செவ்வாயின் பயமும் போய்விட்டது என்று ஓர் அழகான கொள்கை வகுத்து வைத்திருந்தேன். கிரேக்கர்கள் அதைக் கெடுத்துவிட்டார்கள். அவர்கள் வெறும் 'மூன்றாவது' என்று எண்ணிச் சொல்கிறவர்கள், ஆனாலும் செவ்வாய் என்றால் ஆகாது. 1453 மே 29-இல் கான்ஸ்தான்தினோபிள் வீழ்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.

கேள்வி: பாஸ்க் மொழியில் எப்படி? (அஞ்சலட்டை, வேறு ஒரு சொல்லும் இல்லை)

பதில்: பாஸ்க் இந்தக் குடும்பமே அல்ல, லத்தீனுக்குப் பிறந்ததும் அல்ல. ஆனால் பாஸ்க் நாட்டுத் துறைமுகமான பில்பாவோ போன பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை. திங்கள் 'அஸ்தெலேன', அதாவது வாரத்தின் முதல். செவ்வாய் 'அஸ்தெஆர்தெ', வாரத்தின் நடு. புதன் 'அஸ்தெஅஸ்கென', வாரத்தின் கடைசி. புதனோடு வாரம் முடிந்துவிடுகிறது! ஒரு காலத்தில் அங்கே மூன்று நாள் வாரம் இருந்திருக்கும் என்று அறிஞர்களில் சிலர் இதை வைத்துச் சொல்கிறார்கள். அப்படியானால் வியாழன் முதல் ஞாயிறு வரை பின்னால் வந்து சேர்ந்த விருந்தாளிகள். மூன்று நாள் வாரத்துக்குக் கப்பலில் எங்கள் சங்கம் கடைசிவரை போராடியிருக்கும்.

கேள்வி: உங்கள் கப்பலில் பிலிப்பைன்ஸ் மாலுமிகள் இருந்திருப்பார்களே. அவர்கள் கிழமைகளும் ஸ்பானிஷா? (முன்னாள் மாலுமி)

பதில்: ஆம் நண்பரே, லூனெஸ், மார்தெஸ், மியெர்குலெஸ், ஹுவெபெஸ், பியெர்னெஸ், சாபதோ என்று அப்படியே. வீகோவில் நான் அகராதி புரட்டும் நேரத்தில் எங்கள் மாலுமித் தலைவர் கடைக்காரரோடு நாள் குறித்து முடித்திருப்பார். தொமிங்கோ மட்டும் அவர்கள் வாயில் 'லிங்கோ' ஆயிற்று. வாரத்துக்கும் அதே சொல். இந்தோனேசியாவில் போர்த்துகீசிய தொமிங்கோ 'மிங்கு' ஆகி, அங்கும் ஞாயிறு, வாரம் இரண்டுக்கும் நிற்கிறது. கிழக்குத் திமோரின் தெதும் மொழியில் செகுந்தா, தெர்ஸா, குவார்தா என்று எண்களும் அப்படியே. வியட்நாமில் திங்களுக்கு 'இரண்டாவது', ஞாயிறுக்கு 'ஆண்டவர் நாள்' என்று பொருள் தரும் பெயர்கள். எந்தக் கப்பலில் வந்து இறங்கின என்று ஊகிப்பதை உங்களிடமே விடுகிறேன்.

கேள்வி: காலண்டரில் ஸ்பானியர்கள் புதனுக்கு எக்ஸ் என்று போடுகிறார்கள். மியெர்கொலெஸில் எக்ஸ் எங்கே இருக்கிறது? (ஒரு மாணவர்)

பதில்: எங்கும் இல்லை. மார்தெஸுக்கு எம், மியெர்கொலெஸுக்கும் எம் என்று முட்டிக்கொண்டதால் இரண்டாவதுக்கு எக்ஸ் போட்டு விலக்கிவிட்டார்கள். பிரேசிலின் சாந்தோஸ் துறைமுகத்தில் ஒரு கடைக்காரர் கொடுத்த காலண்டரில் அந்த விலக்கல்கூடக் கிடையாது. செகுந்தா, செஷ்தா, சாபதோ மூன்றுக்கும் எஸ், குவார்தா, கிந்தா இரண்டுக்கும் க்யூ. ஏழு கட்டத்தில் மூன்று எஸ், இரண்டு க்யூ, க்யூ இரண்டும் அடுத்தடுத்து. நான் அதை என் அறையில் மாட்டி, ஒவ்வொரு எழுத்தின் கீழும் பென்சிலால் தமிழில் எழுதி வைத்திருந்தேன். அந்த அறைக்கு எனக்குப் பின்னால் வந்தவர் ஓர் உக்ரைன்காரர். அவர் அந்தத் தமிழை என்னவென்று எடுத்துக்கொண்டாரோ.